மேல்தளத்தில் நடப்பவள்

பஃபலோவில் பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை
நாற்பத்திரண்டு கையெழுத்துப் போட்டேன்.
கடைசித் தாளில்
ரெனாட்டா குலிக் என்ற என் பெயர்
வேறு யாரோ கிறுக்கியதுபோல் கிடந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு
இரண்டடுக்கு வீடு.
கீழே ஒரு குடி, மேலே நான்.
இரண்டு சமையலறை, இரண்டு எரிவாயு மீட்டர்,
ஒரே கூரை, ஒரே கடன்.
நூற்றுக்கு மூன்றரை முன்பணம்.
மீதிக்கு முப்பது வருடம்.
அடைத்து முடிக்கையில் எனக்கு எழுபத்தொன்று.

வாங்குமுன் சோதிக்க வந்த பெட்ராக்கிஸ்
நிலவறை உத்திரங்களைத்
திருப்புளியால் குத்திக்கொண்டே போனார்.
டொக் என்றால் தலையாட்டுவார்.
ஓரிடத்தில் சத்தமே இல்லை,
வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.
அந்தச் சத்தமின்மையைக் காட்டி
நாலாயிரம் டாலர் குறைத்தேன்.
பிறந்ததிலிருந்து நான் ஜெயித்த
ஒரே பேரம்.

கணக்கு எளிது.
தவணை ஆயிரத்து நூற்றெண்பது,
கீழ்வீட்டு வாடகை தொள்ளாயிரத்தைம்பது,
இருநூற்று முப்பதுக்கு நான் குடியிருக்கிறேன்!
பேருந்துக் கொட்டடியில்
காபி ஆறும்வரை இதையே சொன்னேன்.
கேட்டவர்கள் தலையாட்டினார்கள்,
பெட்ராக்கிஸ் போல அல்ல.

பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்தவள் நான்.
வீட்டுக்காரர்களைத் திட்ட
என்னிடம் ஓர் அகராதியே உண்டு.
மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டால்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பேன்.
காரை உதிர்ந்து கஞ்சியில் விழும்.
அப்படியே குடிப்பேன்.

வாடகைக்குக் கேட்டு வந்தவர்களில்
ஒடெஸா பிக்கெட், மருத்துவமனையில் இரவு வேலை,
ஒன்பது வயதுப் பையன்.
பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்கலாமா என்றேன்.
"தாராளமா. அவருக்கு என்னைப் பிடிக்காது,
என் வாடகையைப் பிடிக்கும்."
அந்தப் பதிலுக்காகவே சாவியைக் கொடுத்தேன்
என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
சம்பளச் சீட்டுகள் சரியாக இருந்தன, அவ்வளவே.

ஜனவரி. விடிகாலை ஐந்து.
கதவு தட்டும் சத்தம்.
கீழ்வீட்டுக் கொதிகலன் செத்துவிட்டது,
பையன் மூன்று ஸ்வெட்டருக்குள் நிற்கிறான்.
சே, வீட்டுக்காரருக்கு போன் போட வேண்டும்
என்றுதான் நினைத்தேன்.
எண்ணைத் தேடப் பாதித் தூரம் போனபின்தான்
உறைத்தது.

மூவாயிரத்து நூறு.
மூன்று மாத வாடகை அந்த இரும்புக்குள் போய்
சூடாகத் திரும்பி வந்தது.
பேருந்துக் கொட்டடியில்
இப்போது யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

மார்ச்சில் ஒரு நாள்
முன் இருக்கையில் பிக்கெட்டின் பையன் ஏமஸ்.
சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னான்:
"நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நடக்குறது,
அலமாரியைப் படார்னு சாத்துறது,
எல்லாம் எங்களுக்குத் தெரியும்."
அப்படியா என்றேன்.
"பகல்லதான் அம்மா தூங்குவா.
துடைப்பத்தை எடுப்பா,
கொஞ்ச நேரம் கையில வெச்சிருப்பா,
அப்புறம் மூலையில வெச்சிடுவா."

விளக்கு பச்சையானதை
பின்னால் இருந்த லாரி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பேரேட்டில் பழுதுபார்ப்புப் பத்தியில்
ஒரு வரி சேர்ந்தது:
கம்பளம் எண்பத்தாறு டாலர்,
கம்பளிச் செருப்பு பன்னிரண்டு.
சொந்த வீட்டில்
திருடியைப் போல் நடக்கப் பழகினேன்.
எந்தப் பலகை முனகும் என்று
இப்போது இருட்டிலும் தெரியும்.

நேற்று நகராட்சிக் கடிதம்.
வீட்டின் மதிப்பு உயர்ந்திருக்கிறதாம், வாழ்த்துப் போல
வரியும் உயர்ந்திருக்கிறது.
நாற்பது டாலர் கூட்டினால்தான் கட்டுபடியாகும்.
"அன்புள்ள ஒடெஸா" என்று தொடங்கி நான்கு தடவை கிழித்தேன்.
"அன்புள்ள" வேண்டாம் என்று
ஐந்தாவதில் எடுத்துவிட்டேன்.

உறை கையில் இருக்கிறது.
படிகள் பதினான்கு.
செருப்பைக் கழற்றிவிட்டு
கொஞ்சம் சத்தமாகவே இறங்குகிறேன்,
வருவது தெரியட்டும்.