உதிராத சுவர்

ஐந்தாண்டுத் திட்டம் போட
ஆற்றங்கரை ஹோட்டலில் ஏழாவது மாடி எடுத்திருந்தோம்.
வின்னிபெக்கில் பிப்ரவரி, மைனஸ் முப்பத்தொன்று.
கீழே ஆறு கெட்டியாகக் கிடந்தது,
அதன் மேல் யாரோ நாயை நடத்திக்கொண்டு போனார்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவுகளுக்கு
ரப்பர் விளிம்பு செய்கிற கம்பெனி எங்களுடையது.
குளிரை உள்ளே வைத்துப் பூட்டுவது தொழில்.
இந்த ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்,
நான் சொல்வதில்லை.

டொராண்டோவிலிருந்து ஆலோசகர் வந்திருந்தாள், மெரெடித்.
அவளுடைய ஒரு நாள் என்னுடைய ஒரு மாதம்.
சுவரில் மூன்று கோடு இழுத்தாள்:
வளர்ப்பது, வைத்திருப்பது, விடுவது.
தமிழில் மூன்றுமே 'வ'வில் தொடங்குவதை
அந்த அறையில் நான் ஒருத்திதான் கவனித்தேன்,
யாரிடம் சொல்ல.

மனசில் பட்டதை மஞ்சள் தாளில் எழுதுங்கள் என்றாள்.
எழுதினோம்,
கிரான்ட் ஹில்டெபிராண்ட் மனசில் பட்டிருக்கும் என்று
எங்கள் மனசில் பட்டதை.
பொழுது சாய்வதற்குள் நூற்று அறுபத்திரண்டு தாள்.
"பிராண்டன் கிளை, நாற்பத்தொரு பேர்" என்று எழுதி
விடுவதற்குக் கீழே ஒட்டியது
என் கை.
யார் சொல்லி என்று கேட்காதீர்கள்.
எக்செல் சொன்னது.

இரவெல்லாம் ஹீட்டர் ஊதி, பசை காய்ந்து
அத்தனையும் உதிர்ந்துவிட்டன.
லூஸ்விமிண்டா, இரவு ஷிஃப்டில் அறை துடைப்பவள்,
குப்பை என்று கூட்டித் தள்ளியிருக்கலாம்.
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
ஹோட்டல் டேப்பால் ஒட்டிவிட்டாள்,
ஓரம் பார்த்து, நேர் வரிசையாக,
எந்தக் கோட்டுக்குக் கீழே எது என்ற கவலையில்லாமல்.
மறந்த சார்ஜரைத் தேடி ஏழு மணிக்கு நான் போய்
மேசைக்கடியில் குனிந்தபோது
கடைசி வரிசையில் இருந்தாள்.
"சரிதானே?" என்றாள்.
சரி என்றேன்.

ஒன்பதரைக்கு கிரான்ட் சுவர் முன் நின்று
முக்கால் மணி நேரம் பேசினார்,
எட்மண்டன் கிடங்கை ஏன் வளர்க்க வேண்டும்,
நஷ்டத்தில் ஓடும் ரெஜைனாவை
ஏன் வைத்திருக்க வேண்டும் என்று.
காரணங்கள் நன்றாகவே இருந்தன.
மெரெடித் தலையாட்டித் தலையாட்டிப் படம் எடுத்தாள்.
நேற்று வேறு மாதிரி இருந்ததே என்று
ஒருவர் கேட்கவில்லை. நானும்தான்.
வாய்வரை வந்தது,
காப்பியோடு உள்ளே போயிற்று.

அன்றிரவு வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினால்
அடியில், உப்பும் பனிச்சேறும் அப்பி, ஒரு மஞ்சள் தாள்.
பிராண்டன் கிளை.
நாற்பத்தொரு பேர்.
என் கையெழுத்து.

மூன்று வருடம் ஆகிறது.
கிரான்ட் பாதியில் கல்கரிக்குப் போய்விட்டார்.
வளர்க்கவிருந்த எட்மண்டனை விற்றாயிற்று.
பிராண்டன் எந்தக் கோட்டுக்குக் கீழும் இல்லாததால்
அதை மூட யாருக்கும் நினைவு வரவில்லை.
மாதம் ஐந்தாம் தேதி
டேரில் கோவல்சுக் கணக்கு அனுப்புகிறான்,
கடைசியில் வானிலை பற்றி ஒரு வரி.
"பிற" என்ற வரியில் சேர்த்துக் கூட்டிவிடுகிறேன்.
போன மாதம் நாற்பத்து மூன்று பேர்.

அடுத்த வாரம் புதிய திட்டத்துக்குக் கூடுகிறோம்.
இந்த முறை தாள் கிடையாதாம்,
எல்லாம் திரையிலேயே.
ஒன்றுகூட உதிராது என்கிறார்கள்.