விலை ஒட்டுகிறவள்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல்
பதினொரு மணிக்கு எங்கள் கடைக்குள் வரும்.
அதுவரை கண்ணாடிக் கதவில்
என் முகமும் ஒரு ஷாம்பு விளம்பரமும்
ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்.

விலை ஒட்டும் துப்பாக்கி என்னிடம்.
நீல ரேசர் முப்பத்தைந்து,
ரோஸ் ரேசர் ஐம்பத்தைந்து.
பிளேடு ஒன்றுதான்,
உறையைக் கிழித்து ஒருநாள் பார்த்துவிட்டேன்.
அன்றிலிருந்து நான் வாங்குவது நீலம்.
பில் போடுகிற விஜிலா கேட்பாள்,
"ஆருக்குட்டி இது?"
"தம்பிக்கு."
எனக்குத் தம்பி கிடையாது.
அது அவளுக்கும் தெரியும்.

இடப்பக்கம் பெண்கள்:
தேன், பால், பாதாம், ஆரஞ்சுத் தோல்,
பேக்கரி மாதிரி.
வலப்பக்கம் ஆண்கள்:
கரி, எரிமலை, டர்போ,
ஒர்க்‌ஷாப் மாதிரி.
இரண்டு பேரும் குளிக்கத்தான் போகிறார்கள்.

ஆடித் தள்ளுபடியோடு மூன்றாவது அலமாரி வந்தது.
சாம்பல் பாட்டில், சாம்பல் மூடி,
பூவோ மின்னலோ ஒரு படமும் இல்லை.
'எல்லாருக்கும்' என்று ஒரே சொல்.
கூடவே கம்பெனியிலிருந்து ஒரு பையன்,
எங்கள் ஆறு பேரையும் சுவரோரம் நிறுத்தி
"இந்த அலமாரிக்கு வருகிறவர்களை
அண்ணா என்றோ அக்கா என்றோ
கூப்பிடக் கூடாது" என்றான்.
பின்னே எப்படி?
கொஞ்சநேரம் யோசித்தான், பாவம்.
"வாங்க என்று மட்டும் சொல்லுங்கள்."

வாங்க.
அதில் மீசையும் இல்லை, கொலுசும் இல்லை.
'அவர்' என்பதிலும் அப்படித்தான்.
வாய் திறந்த நாளிலிருந்து சொல்கிறோம்,
யாரும் அதற்கு நாற்பது ரூபாய் கூட்டியதில்லை.
சாம்பல் பாட்டிலுக்குக் கூட்டியிருந்தார்கள்.
நான்தான் ஒட்டினேன்.

இரண்டு மாதத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர்
அதோடு நின்று படம் எடுத்தார்கள்.
ஒரு டீச்சர் மட்டும் கையில் எடுத்து
தரை கழுவுகிற மருந்தா என்று கேட்டார்.

பிறகு, பால்வெட்டு இல்லாத ஒரு மழை நாளில்
திற்பரப்பிலிருந்து ஏசுவடியான் வந்தார்.
பெயர் பில்லில்தான் தெரிந்தது.
அதற்கு முன்பே தெரிந்தது
ரப்பர் ஷீட், ஆசிட், புகைக்கூடு.
நகத்தைச் சுற்றிப் பால் உறைந்து
இன்னொரு தோலாகியிருந்தது.

என் கை தானாக வலப்பக்கம் காட்டியது.
கரி சோப்பை முகர்ந்தார்.
"டயரு மணக்குது பிள்ளே.
இதுக்கு நான் குளிக்காமலே இருக்கலாம்லா?"
சாம்பல் பாட்டிலைத் திறந்து
வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தார்.
"இதுல ஒண்ணுமே இல்லியே."

அப்புறம்தான் ஈரத் துணிப்பையிலிருந்து எடுத்தார்
ஒரு காலி பாட்டில். ரோஸ் நிறம்.
முல்லைப் படம் பாதி உரிந்து,
தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குலுக்கி
உள்ளே வெளுத்துப்போனது.
"வீட்டுக்காரி குவைத்துல நர்சு.
போன லீவுக்கு வந்தப்ப வச்சிட்டுப் போனதாக்கும்.
நான் ஒரு துளி, ஒரு துளின்னு..."
பாட்டிலின் வயிற்றில் பேனாவால் ஒரு கோடு.
"இதுவரைக்கும் கெடந்துது.
வாற பத்தொன்பதாம் தேதி அவ வாறா.
அதுக்க முன்ன இந்தக் கோட்டுல நிக்கணும்."

இடப்பக்கம், கீழ்த்தட்டு, மூன்றாவது வரிசை.
எடுத்துக் கொடுத்தேன்.
"கோடு வரைக்கும் ஊத்தினா
மிச்சம் வருமே" என்றேன்.
ஏசுவடியான் புது மூடியைத் திருகி
ஒருமுறை முகர்ந்து
மறுபடி இறுக்கி மூடினார்.
"வரட்டு. அதுக்குத்தானே முழு பாட்டில்."

பில்லில் விஜிலா கேட்டாள்,
"ஆருக்கு அண்ணாச்சி?"
"வீட்டுக்காரிக்கு."
நான் ஸ்டிக்கர் சுருளை மாற்றிக்கொண்டிருந்தேன்,
தலை நிமிரவில்லை.

மூன்றாவது அலமாரியில் இப்போது
வருகிறவர்கள் குடையைச் சாய்க்கிறார்கள்.
கறுப்புக் குடை, பூப்போட்ட குடை,
யாருடையது எந்தத் தண்ணீர் என்று தெரியாமல்
சாம்பல் பாட்டில்களுக்கு அடியில் ஓடுகிறது.
கதவு சாத்தும்போது
துடைப்பது நான்.