மூன்றாம் கம்பம் வரை

மாத்திரைச் சீட்டின் அடியில்
டாக்டர் ஸ்கைத்ரீத்தே எழுதியிருந்தார்:
நடை, தினம் முப்பது நிமிடம்.
சிரிக்கவும் தெம்பில்லை எனக்கு.

திங்களன்று ஒரு ஷூவுக்கு நாடா கட்டினேன்.
மற்றதைக் கட்டுவதற்குள் இருட்டிவிட்டது.
லியெபாயாவில் டிசம்பர் என்றால்
நாலு மணிக்கே இருட்டும்,
ஆகவே இதைத் தோல்வியில் சேர்க்கவில்லை.

வியாழன், படியிறங்கிக்
குப்பைத்தொட்டி வரை.
கையோடு குப்பையையும் கொண்டுபோயிருக்கலாம்.
தோன்றவில்லை.

ஓடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறான்
தம்பி ஐகார்ஸ்.
ஓடுவதால் சரியாக இருக்கிறானா,
சரியாக இருப்பதால் ஓடுகிறானா,
கேட்டேன். தண்ணீர் குடித்தான்.

பிப்ரவரியில்
டிராம் தண்டவாளத்தை ஒட்டி மூன்றாம் மின்கம்பம்.
கடல்காற்று கன்னத்தில் அறைந்தது.
வலித்தது.
நல்லவேளை, வலித்தது.

குணமா? இல்லை.
மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
சில நாள் போர்வைதான் ஜெயிக்கிறது.

நேற்று திரும்பும் வழியில்
மீன்கடைப் புகை மூக்கில் ஏற,
நின்றுவிட்டேன்.
பசி.
எத்தனை மாதம் ஆயிற்று, இந்த ஆளைப் பார்த்து!
கையுறையைக் கழற்றி, நடைபாதையிலேயே
ஒரு முழு மீன்.
விரலெல்லாம் எண்ணெய்.

நாலாம் கம்பம்
எங்கே போய்விடப் போகிறது.