பால்பல்

பிறை தெரிந்த இரவில்
பிகின் சந்தை ஓரம், ஆட்டு மூத்திரம் ஊறிய மணலில்
நான் வைத்த நிய்யத் சின்னது:
பத்து நாளும்
அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஆடு விற்பதில்லை.

டாக்கரில் ஆடு விற்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான்,
"வல்லாஹி" எங்கள் தராசுக்கு மூன்றாவது தட்டு.
வல்லாஹி, இது லூகா புல் தின்று வளர்ந்த கடா.
வல்லாஹி, நேற்று இதைவிட அதிகம் கேட்டார்கள், கொடுக்கவில்லை.
கொம்பைப் பிடித்ததும்
தானாக வரும் அது, ஏப்பம் மாதிரி.

ஹஜ்ஜுக்குப் போகக் காசில்லாதவனுக்கும்
இந்தப் பத்து நாள் வாசல் திறக்கும் என்றார் இமாம்.
திறந்துதான் இருந்தது.
எனக்கோ நாற்பத்திரண்டு ஆடுகள்.
சுப்ஹு முடிந்தால் தண்ணீர்ப் பீப்பாய்,
லுஹருக்குள் வைக்கோல் லாரி,
தஸ்பீஹ் உருட்ட வேண்டிய விரல் பிராங்கு எண்ணியது.
ஆகவே இடுக்கில் சொன்னேன் தக்பீரை:
ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில்,
முடிச்சை அவிழ்க்கிற மூச்சில்.
நகம் வெட்டவில்லை. அடியில்
ரோமக் கொழுப்பு கறுத்துக் கிடந்தது.

முதல் நான்கு நாளைப் பெருமையாகவே சொல்வேன்.

ஐந்தாம் நாள் மதியம்
மஞ்சள் முக்காட்டுக்காரி ஒருத்தி,
அஸ்து என்று பெயர், தியாரோயில் மீன் காயவைக்கிறவள்,
முந்தி முடிச்சில் பணத்தோடு வந்தாள்.
அந்த விலைக்கு ஒன்றுதான் இருந்தது.
"ஓராண்டு நிறைந்ததா?"
"வல்லாஹி" என்றேன்.

வாயைப் பிளந்து பார்த்திருந்தால்
அரிசி அரிசியாய்ப் பால்பல்.
அவள் பார்க்கவில்லை.
சத்தியம் செய்தவனின் ஆட்டுக்கு யார் பல் பார்ப்பார்கள்?

ஆறு, ஏழு, எட்டு நினைவில்லை. நன்றாக விற்றது.

ஒன்பதாம் நாள் நோன்பு.
அங்கே அரஃபா வெயிலில் அவர்கள் கையேந்தி நிற்க
இங்கே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
துஆ கேட்க வாய் திறந்தேன்.
முதலில் அந்தச் சொல்தான் எழுந்து வந்தது.
அதே நாக்கு.
கேட்பதற்கென்று தனியாக ஒன்று எனக்குக் கிடையாது.

எல்லாம் விற்று, என் குர்பானிக்கென்று நிறுத்தியிருந்த
வெள்ளைக் கடா மட்டும் நின்றது,
முன்னால் இரண்டு பெரிய பல்.
பஸ் கூரையில் ஏற்றிக் கட்டினேன்.
"அதுக்கும் டிக்கெட்" என்றான் நடத்துனர்.
கொடுத்தேன்.

அஸ்து இரண்டின் வாயையும் பார்த்தாள்.
பிறகு என்னை.
"வித்தியாசப் பணம்?"
"வேண்டாம்."
"நேற்றே வந்திருக்கக் கூடாதா?
பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்."

புக்கி. எங்கள் பாஷையில் கழுதைப்புலி.
செருப்பு, அட்டைப்பெட்டி,
மூத்தவளின் கணக்கு நோட்டு, எல்லாம் தின்றதாம்.
சின்னவன் கயிற்றை விடவில்லை.
"நாளைக்கு அறுக்க மாட்டியே?"
"மாட்டேன்."
"வல்லாஹி சொல்லு."

உண்மைதான். சொல்லியிருக்கலாம்.
இந்த ஒரு தடவை சொன்னால் பாவமும் இல்லை.
குத்தவைத்து உட்கார்ந்து
புக்கியின் உதட்டை விலக்கிக் காட்டினேன்.
ஒவ்வொரு பல்லாய்த் தொட்டு எண்ணினான் அவன்.
எட்டு.
தன் வாயிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டான்.
கயிறு என் கைக்கு வந்தது,
அவன் கொடுத்தான் என்று சொல்ல மாட்டேன்.

மஃரிபுக்குப் பாங்கு.
அஸ்து ஒரு குவளை கிங்கிலிபா நீட்டினாள்,
ஒரு பேரீச்சம்பழம். உள்ளே வா என்று சொல்லவில்லை.
நடையிலேயே நோன்பு திறந்தேன்.

திரும்பப் பஸ் இல்லை.
தண்டவாளத்தை ஒட்டியே நடந்தோம்,
நாளைக்கு அறுக்க ஆடில்லாத ஆட்டு வியாபாரியும்
ஓராண்டு நிறையாததும்.
தூரத்துப் பள்ளிவாசல்களில் பெருநாள் தக்பீர்,
ஒன்று ஓயுமுன் இன்னொன்று.
நானும் சொன்னேன்.
இப்போது விலை ஏதும் இல்லை இரண்டு பக்கமும்.

கயிறு தளர்ந்தது. இருட்டில் ஆளைக் காணவில்லை.
புக்கி, என்று கூப்பிட்டேன்,
கொஞ்சம் கூச்சத்தோடு.
வந்தது.
வந்து என் சட்டை ஓரத்தை மெல்ல ஆரம்பித்தது.