ஏழாவது மூடி

வரைபடத்தில் ஆறு மூடிகள்.
மழைக்கு நீலக் கோடு, கழிவுக்குச் சிவப்பு.
இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளாமல்
நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்போல
மதிலோரம் நடந்து போகின்றன.

மட்டக்குளி. காலை ஒன்பதே கால்.
இரவு முழுக்கப் பெய்து இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.
மனேஜர் நிலங்க விதானகே
செவ்விளநீர் ஒன்றைச் சீவி நீட்டுகிறார்.
"கடமை நேரத்தில் குடிப்பதில்லை" என்கிறேன்.
அவர் சிரிக்கிறார்.
என்ன சொன்னேன் என்று
எனக்குப் பிறகுதான் உறைக்கிறது.

ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் தேங்காய்.
பால் டின்னுக்குள் போய்க் கப்பல் ஏறுகிறது.
தண்ணீர் யாருக்கும் வேண்டாம்.
கோயில் வாசலில் உடைத்தால் ஏந்திக் குடிக்கிறோம்,
காய்ச்சல்காரனுக்குக் கரண்டியால் பருக்குகிறோம்,
இங்கே ஒரு பகல் தேங்கினாலோ
புளித்து, நுரைத்து,
கால்வாய் மீனின் மூச்சை எடுத்துவிடும்.
இனிப்புக்கு இப்படியும் ஒரு புத்தி.

கொழுப்புப் பொறியைத் திறக்கச் சொன்னேன்.
பரீட்சைக்கு முதல் நாள் வெட்டிய நகம்போல
அத்தனை சுத்தம்.
காற்றூட்டும் தொட்டியில் மோட்டார் உறுமுகிறது.
அதன் மீட்டரில் மட்டும்
மார்ச் மாதத்திலிருந்து இலக்கம் நகரவில்லை.
"மீட்டர் பழுது, மிஸ்."
எழுதிக்கொள்கிறேன்: மீட்டர் பழுது.
போத்தல் ஒன்று, போத்தல் இரண்டு,
ஐஸ் பெட்டி, லேபிள், நேரம்.

முதலாம் மூடி சரி. இரண்டாவதும்.
மூன்றாவதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
ஐந்தாவதில் ஒரு தவளை, உயிரோடு.
தவளையைச் சாட்சிக்கு அழைக்கலாமென்றால்
அங்கேயே கையெழுத்து வைத்துவிட்டு
வீட்டுக்குப் போயிருப்பேன்.

சிரட்டைச் சாக்குகள் அடுக்கிய மூலையில்
ஒருத்தி தரை கழுவிக்கொண்டிருந்தாள்.
சட்டையில் தைத்திருந்த பெயர் புனிதமலர்.
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை,
தும்புத்தடியை நிறுத்தவுமில்லை.
காலால் ஒரு சாக்கைத் தள்ளினாள்,
ஒரு சாண்,
நனையக் கூடாதே என்று தள்ளுவதுபோல.
ஈரச் சீமெந்தில் ஓர் இரும்பு விளிம்பு.

"அது பழைய கிணறு. மூடிப் பத்து வருசம்."
பத்து வருசத்து மூடியில்
துரு இல்லை.
புதுக் கிரீஸ் இருந்தது.

கழுவும் தொட்டியில் பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டு
மதிலைச் சுற்றி, ஒழுங்கையால் இறங்கி,
மழைக்கான் கால்வாயில் விழும் இடத்துக்குப் போனோம்.
அரிசி கழுவிய நிறத்தில் தண்ணீர்.
கபரகொய்யா ஒன்று தலையை மட்டும் நீட்டி
எங்களை விட நிதானமாகப் பார்வையிட்டுப் போனது.
நாலு நிமிடம். ஏழு.
மனேஜர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். நானும்.
மேலே ஒரு வீட்டில் யாரோ சட்டி சுரண்டும் சத்தம்.
பதினோராவது நிமிடம்
கானின் வாயில் வந்தது பச்சை,
கிளிக் கழுத்துப் பச்சை,
கொஞ்சமும் வெட்கமில்லாமல், அழகாக.

அழகாக என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

"நான் வந்து எட்டு மாசம்தான், மிஸ்"
என்றார், மிக மெல்ல, தமிழில்.
அது உண்மையாகவும் இருக்கலாம்.
சப்பாத்தில் சேறு, கையில் அந்த இளநீர்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

பிற்பகல், கந்தோர். மின்விசிறிக்கு அடியில் அறிக்கை.
ஏழாவது மூடி: இருப்பிடம், ஆழம்,
குழாயின் விட்டம், பதினோரு நிமிடம்.
'எவ்வாறு கண்டறியப்பட்டது?'
அந்தக் கட்டத்துக்கு முன்னால்
பேனை நெடுநேரம் நின்றது.
"தரை ஈரமாயிருந்தமையால்
சாக்கு தானாக வழுக்கி விலகியிருந்தது"
என்று எழுதினேன்.

அன்றைக்கு நான் எழுதிய இரண்டாவது பொய்.
முதலாவது, மீட்டர் பழுது.

விரல் இடுக்கில் பச்சை
ஞாயிற்றுக்கிழமை வரை போகவில்லை.
தேங்காய் உடைத்தேன்.
தண்ணீரைக் கோப்பையில் ஏந்திக்கொண்டு
குசினித் தொட்டியடியில்
கொஞ்ச நேரம் நின்றேன்.