இரண்டு தகரம்

நிறங்களுக்கு ஒரு பட்டியல் தந்திருந்தார்கள்.
மஞ்சள் குடியிருப்பு, சிவப்பு கடை,
கோயிலும் பள்ளிக்கூடமும் ஊதா.
பச்சைக்கு மட்டும் நிபந்தனை:
வேலி இருக்கக்கூடாது,
அரை ஏக்கருக்குக் குறையக்கூடாது,
பொதுமக்கள் பயன்பாட்டில் இருக்கவேண்டும்.

சங்கடத்தார் ஒழுங்கையில்
பச்சை கிடைக்கவில்லை.

கிடைத்தது
தகரவேலிக்குள் ஆறு பரப்பு.
நாயுருவி, ஈச்சம்பத்தை,
ஷெல் விழுந்த வீடொன்றின் அத்திவாரம்,
அதன் குசினி இருந்த இடத்தில் ஒரு வேம்பு.
உறுதி ஸ்காபரோவில்.
படலைத் திறப்பு மரியநேசத்திடம்.
பட்டியலில் அதற்குக் கோடு போட்ட சாம்பல்:
'பயன்பாடற்றது.'

இருபத்தியேழாம் கேள்வி:
உங்கள் அயலின் மீள்திறனை
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடுக.

மரியநேசம் ஒட்டி வெட்டிக்கொண்டிருந்தா.
"மீள்திறன் எண்டால் என்ன பிள்ளை?"
"அடி விழுந்தாலும் பழையபடி வாறது, அக்கா."
"பழையபடியோ?"
கத்தியைக் கழுவிவிட்டுச் சொன்னா:
"வந்தனாங்கள்தான். ஏழு தரம்.
பழையபடி ஒருக்காலும் வரேல்லை.
ஒவ்வொரு தரமும்
கிணறு கொஞ்சம் கூடச் சவர்."

அதற்குப் பெட்டி இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

முப்பத்தோராம் கேள்விக்கு
பதின்மூன்று வீடும் ஒரே பக்கம் கைகாட்டின.
வெள்ளம் எங்கே போகிறது?
அங்கே.

குகபாலன் ஓட்டோவைத் துடைத்தபடி விளங்கப்படுத்தினான்.
ஐப்பசி முடிய முன்னம்
வேலியில் இரண்டு தகரத்தைக் கழட்டிவிடுவார்கள்.
ஒழுங்கைத் தண்ணீர் முழுக்க உள்ளே போகும்.
மூன்று நாள் நிற்கும், தவளை கத்தும்,
பிறகு கல்லுக்குள் இறங்கிவிடும்.
தை பிறந்தால் திருப்பி அடிப்பார்கள்,
அதே ஆணி, அதே ஓட்டை.
"காணிக்காரருக்குத் தெரியுமோ?"
"வேம்பு பூத்தால் படம் எடுத்து அனுப்புறனாங்கள்."

ஆறு ஓடாத ஊர் இது.
மழையை நிலத்துக்குள் இறக்கி வைத்து
அதன்மேல் வாளி விட்டுக் குடிக்கிறோம்.
சித்திரை வெயிலில் மீற்றரோடு போய் அளந்தேன்.
வேலிக்கு அடுத்த ஐந்து கிணற்றில் உப்பு குறைவு,
தள்ளிப் போகப் போகக் கூடுகிறது.
என் வீட்டுக் கிணற்றையும் அளந்தேன்,
ஆய்வில் சேர்க்கவில்லை.
போன வருடம்தான் லோன் எடுத்து
முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தோம்,
செருப்பில் சேறு ஒட்டாமல் இருக்க.

இப்போது கதை வருகிறது:
ஸ்காபரோ விற்கப் போகிறதாம்,
கலியாண மண்டபம்,
நாற்பது வாகனத்துக்குத் தரிப்பிடம்.

வரைபடத்தில் சாம்பலாய் விட்டால்
மண்டபக்காரன் பார்த்துச் சந்தோசப்படுவான்:
ஒன்றுமில்லாத காணி.
விதியை வளைத்துப் பச்சை பூசினால்
மாநகரசபை எடுக்கும்.
பத்தையை வழிக்கும், சுற்றிச் சீமெந்து நடைபாதை,
இரண்டு ஊஞ்சல், திறந்துவைத்தவர் பெயரோடு கல்,
ஆறு மணிக்குப் பூட்டுகிற கேற்.
தண்ணீர் ஆறு மணிக்குப் பிறகும் வரும்.

இரவு ஒரு மணிவரை
இரண்டு நிறத்தையும் மாறி மாறிப் போட்டு அழித்தேன்.
நீலம்கூட வைத்துப் பார்த்தேன்.
வருடத்தில் மூன்று கிழமை நீலத்துக்கு
மென்பொருளில் இடமில்லை.

கடைசியில் சாம்பலை அப்படியே விட்டு,
வேலிக் கோட்டில் ஓரிடத்தை வெட்டினேன்.
ஐந்து அடி இடைவெளி,
அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீற்றரும் இல்லை.
பக்கத்தில் பதின்மூன்று குடும்பப் பெயர்கள்,
காணிக்கு உரித்து இல்லாதவர்கள்,
மிகச் சிறிய எழுத்தில்.

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார்.
"இதில கோடு விடுபட்டுப் போச்சே?"
"இல்லை சேர், அது இருக்கிறதே அப்பிடித்தான்."
"குறிவிளக்கத்தில இது இல்லையே."
"இல்லை."

தாளை மேசையில் வைத்துவிட்டு
அவர் யன்னலைச் சாத்த எழும்பினார்,
தூறல் உள்ளே அடித்தது.
ஐப்பசி இருபத்தாறு.
நான் வெளியே வந்து குகபாலனுக்கு அழைத்தேன்,
ஆணி கழட்டியாச்சோ என்று கேட்க.