முன்தேதி

டொபீகா சட்டமன்றத்தின் அடித்தளத்தில்
சில்லறையை விழுங்கிவிட்டுச்
சும்மா நிற்கும் ஒரு காபி இயந்திரம்.
பதினேழு வருடமாக
அதில் காசு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்ன வேலை என்று
விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.
வினைச்சொல்லின் வாலைத் திருத்துகிறேன் என்றேன்.
'பத்தாண்டு விதிக்க வேண்டும்' என்றிருப்பதை
'விதிக்கலாம்' ஆக்குவது.
அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

ஒரு 'லாம்' உள்ளே நுழைய
மூன்று ஆளுநர்கள் போய்விட்டார்கள்.

சாட்சி சொல்ல மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
ஓடெல் ப்ரூவிட்டின் மனைவி லவோன்
எழுதி வந்த தாளை மடித்துவிட்டு,
சிறையிலிருந்து பேச
நிமிடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று மட்டும் சொன்னாள்.
மீதி நேரம் நின்றாள்.
ஒரு உறுப்பினர் சாண்ட்விச் உறையைப் பிரிப்பது
எல்லோருக்கும் கேட்டது.

மார்ச்சின் கடைசி வியாழன், இரவு பதினொன்றரை.
இரண்டு ஓட்டு குறைகிறது.
கோதுமை மாவட்டத்து ஹார்லன் ஷ்ராக்
கெட்ட மனிதரல்ல,
பேத்தியின் படத்தைக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.
"ஏழாம் பிரிவை எடுத்துவிடு.
இனி வருகிறவர்களுக்கு என்றால் சரி.
உள்ளே இருப்பவர்களை
என் ஊரில் விற்க முடியாது."

ஏழாம் பிரிவு ஒரே வரி:
முன்தேதியிட்டு அமலாகும்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்
அந்த வரிக்குள் இருந்தார்கள்.
பட்டியல் என் பையில், அகரவரிசையில்.
பேனா அவருடையது,
ஏதோ வங்கி இலவசமாகக் கொடுத்தது.
கை என்னுடையது.

நிறைவேறியது. கைதட்டினார்கள்.
கேக்கில் என் பெயருக்கு ஓர் எழுத்து குறைந்தது.

இனி ஏதோ ஒரு கோர்ட்டில்
ஒரு பையனைப் பார்த்து
நீதிபதி யோசிப்பார்.
யோசிக்க இப்போது அனுமதி உண்டு.
அவனுக்கு என்னைத் தெரியாது.
ஓடெலுக்குத் தெரியும்.

சனிக்கிழமை கார் ஓட்டிப் போனேன்.
வழியெல்லாம் தானியக் கிடங்குகள்,
வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று.
ஒத்திகை பார்த்த வாக்கியம்
வாசல் சோதனையிலேயே கலைந்துவிட்டது,
பெல்ட்டோடு, சாவியோடு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்தார்.
"ஏழாம் பிரிவை யார் அடித்தது?"

"நான்."

கரகரப்பு. பக்கத்துச் சாவடியில்
ஒரு குழந்தை கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

"அடுத்து எப்போது கூடுவார்கள்?"

ஜனவரி என்றேன்.
ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு
விரல் விட்டு எண்ணினார்,
எனக்குத் தெரியும்படி,
மெதுவாக.